முதுகு காட்டிய பதினொரு நாள்

ஜனவரி 6

மாட்சிமை பொருந்திய பழைய பேப்பர் அக்காவின் சமூகத்துக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் நகல் கடையின் ஒரே ஸ்டூல் இன்று காலை பத்தேகால் மணிக்கு ஒரு காலில் அரை அங்குலம் உடைந்து நொண்டியானது. அச்சமயம் அதன்மேல் வீற்றிருந்தவன் அடியேன். உயிர்ச்சேதம் இல்லை. மதிப்பெண் பட்டியல் நகலெடுக்க வந்த இரண்டு பெண்கள் எதிரே நின்றிருந்ததால் மானச்சேதம் உண்டு.

மற்றபடி நான் நலம், அம்மா நலம். அப்பாவும் நலம் என்று எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். கை நடுக்கம் மட்டும் கூடியிருக்கிறது. தாளை வைத்தால் கோணலாக விழுகிறது. கேட்டால் மெஷின் கோணல் என்கிறார்.

நேற்றும் அதே தீர்ப்பை வாசித்தார். "ஆறு மாசம். ஏப்ரல் கடைசியில அவ வேலை நிரந்தரமாச்சுன்னா அங்கயே இருக்கட்டும். இல்லேன்னா வந்து இந்த ஸ்டூல்ல உக்காரட்டும், நீ காலேஜுக்குப் போ. ரெண்டு பேர்ல ஒருத்தர் இங்க இருந்தாகணும். என் கை இனிமே என் பேச்சைக் கேக்காது." பிறகு வழக்கமான உபரிச் செய்தி: "ஹிஸ்டரி படிச்சு என்னத்தக் கிழிச்சா, பழைய பேப்பரைத்தான் கிழிக்கிறா."

நீ எதற்கும் அஞ்சாதே. கல்லூரியாவது கத்தரிக்காயாவது. ஸ்டூலை நான் பார்த்துக்கொள்கிறேன். நகல் கடையில் அசல் நான் ஒருவன்தான் என்று ஊரே பேசுகிறது. நீ அங்கேயே வேர்விட்டு, மஞ்சளாகி, ஓரம் மடங்கி நிம்மதியாக இரு. கடை போன் அப்பாவின் காதுக்கு அரை முழ தூரத்தில் இருப்பதால் கடிதமே எழுது.

இருமல் எப்படி இருக்கிறது?

இப்படிக்கு,
நொண்டிச் சிம்மாசனத்தின் நிரந்தர வாரிசு


ஜனவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

உன் மானம் தேறிவிட்டதா? இங்கே என் இருமல் சௌக்கியமாக இருக்கிறது, என்னைத்தான் படுத்துகிறது. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போ. வரமாட்டார். இருந்தாலும் கேள்.

என் அலுவலகம் எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாய். தரைமட்டத்துக்குக் கீழே ஓர் அறை. ஒரு குழல்விளக்கு, அதுவும் யோசித்து யோசித்து எரியும். சுவர் முழுக்க மாதவாரியாகத் தைத்து வைத்த பழைய செய்தித்தாள்கள். ஐம்பது வருடத்துக்கு முன் இதே நாளில் நடந்ததிலிருந்து ஒன்றைப் பொறுக்கி, 'அன்று' என்ற பத்தியில் பன்னிரண்டு வரி எழுத வேண்டும். எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரே விதி: ஒரு செய்திக்கு இரண்டு சாட்சி.

வரலாறு படித்தவளுக்கு வரும் வியாதி ஒன்று இருக்கிறது. எதைப் படித்தாலும் முடிவு முன்பே தெரிந்துவிடும். ஐம்பது வருடமாக ஒரே பாலத்தைக் கட்டப் போகிறார்கள். அமைச்சர் மாறுகிறார், மாலை மாறுகிறது, ஆற்றை மட்டும் ஜனங்கள் இன்னும் நனைந்துகொண்டேதான் கடக்க வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுதித் தோழியோடு ஒரு ராஜா காலத்துப் படம் பார்த்தேன். யுத்தத்துக்குப் போகிற அத்தனை பேருக்கும் பல் வெள்ளை. அடிபட்டுச் சாகிறவனின் துணியில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. பக்கத்தில் ஒரு அப்பா தன் பையனிடம், "பாத்துக்கோ, அப்பல்லாம் இப்படித்தான்" என்றார். எழுந்து வந்துவிடலாம் போல் இருந்தது.

இந்த இரண்டரை மாதமாக நான் ஒரே ஒரு செய்தியைத் தேடுகிறேன். சாதாரண ஜனங்கள், ஏதாவது ஒரு சின்ன விஷயத்தில், ஒரு தடவையாவது ஜெயித்த செய்தி. ஒன்றுகூட அகப்படவில்லை. மனு கொடுத்தார்கள், பரிசீலிக்கப்படும், முற்றும். படுக்கும்போது நெஞ்சு கனமாக இருக்கிறது. தூசியால் இருக்கும்.

ஸ்டூலுக்கு அட்டை வைத்துக்கொள்.

அக்கா


ஜனவரி 29

பாதாள அறையின் பட்டத்தரசிக்கு,

நலம், நலம், நலம். மூன்று பேருக்கு மூன்று. அப்பா டாக்டரிடம் வரவில்லை. ஸ்டூலுக்கு அட்டை வைத்தேன், அட்டையும் நொண்டுகிறது.

நீ தேடியது இங்கே வந்து நிற்கிறது. நேற்று மாலை ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். காது கேட்காது. உள்ளங்கையகலத் தாள் ஒன்றைப் பிரித்து, "ரெண்டு எடுப்பா" என்றார். நான் மூன்று எடுத்தேன். மூன்றாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். நன்றி சொல்ல வேண்டாம், நான் இப்படித்தான். நோட்டீஸ் மங்கியிருப்பதால் இங்கே எழுதியும் தருகிறேன்:

"முன்வரிசை ரசிகர்களே. நம் ஊர்த் தியேட்டரில் நமக்கு மட்டும் கழிப்பறைச் சந்து வழியாக வாசல் ஏன்? டிக்கெட் வாங்குவோம். உள்ளே போவோம். திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவோம். முன்வாசல் நமக்கும் திறக்கும்வரை ஒருவரும் திரும்பக் கூடாது. ஆரம்பம்: பிப்ரவரி 20, ஞாயிறு."

கீழே, இன்றைக்குச் சரியாக ஐம்பது வருடம் முந்திய வருஷம். நம் ஊரில்தான், இப்போது நாற்காலிக் கிடங்காக இருக்கிறதே, அதே தியேட்டர். பெரியவரும் உட்கார்ந்தவராம். அவர் காதில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போனது. பதினொரு நாள் நடந்ததாம். பன்னிரண்டாம் நாள் முன்வாசலைத் திறந்துவிட்டார்களாம். ஜெயித்துவிட்டார்கள் அக்கா.

இப்படிக்கு,
ஆய்வாளர் திலகம் (கல்லூரி வாசனை படாதது)


பிப்ரவரி 7

என் தங்கக் கட்டிக்கு,

எல்லாரும் நலம்தானே? நான் நலம். இந்த வார்த்தையைப் பழக்கதோஷத்தில் எழுதவில்லை, நிஜமாகவே நலம்.

நோட்டீசைப் படித்துவிட்டு அந்த அறையில் நான் சத்தமாகச் சிரித்தேன். மேலே இருந்து பிழை திருத்துகிறவர் இறங்கி வந்து, "யாரும்மா கீழ, நீயா, நல்லாருக்கியா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார். திரைக்கு முதுகு காட்டினால் பின்வரிசைக்காரர்களுக்கு முகம் காட்ட வேண்டும். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாய், இருட்டில் நூறு பேர் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், சண்டை போடாமல், கத்தாமல். எப்படிப் படம் பார்ப்பாய்? முன்வாசல் திறந்தது கோஷத்தால் இல்லை வாலு, அந்தப் பார்வையால். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. இதற்காகத்தான் நான் இந்தப் பாழாய்ப்போன பாடத்தைப் படித்தேன் போலிருக்கிறது.

முதல் சாட்சி நோட்டீஸ், இரண்டாம் சாட்சி பெரியவர். இருபதாம் தேதி பத்தியில் போடுகிறேன். அவரிடம் கேள்: பதினொரு நாளும் படத்தைக் காதால் மட்டும் கேட்டார்களா? முதலில் திரும்பிப் பார்க்கத் துடித்தது யார்? எல்லாவற்றையும் கேட்டு எழுது.

நீ செய்த உபகாரத்தை மறக்கமாட்டேன்.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள வாலுவுக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அப்பாவுக்கு?

பத்தி வெளிவந்தது. நூற்று நாற்பது கடிதங்கள். ஆசிரியர் கீழே இறங்கி வந்து, அந்த அறையில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே, "ஏப்ரல் ஒரு சம்பிரதாயம்தாம்மா" என்றார். அப்பாவிடம் சொல்லாதே, கையெழுத்தான பிறகு சொல்லலாம்.

ஆனால் தேர்தல் காலம் பார். ஒரு கட்சி மேடையில் அந்த முன்வரிசைக்காரர்கள் எங்கள் முன்னோடிகள் என்று பேசினார்கள். மறுநாள் எதிர்க்கட்சி, இல்லை எங்கள் முன்னோடிகள் என்றது. சிலை வைப்பதாக வாக்குறுதி வேறு. பிழை திருத்துகிறவர் கேட்கிறார்: "முதுகு காட்டினவங்களுக்குச் சிலை வெச்சா எந்தப் பக்கம் பாத்து வெப்பாங்க?" படம் எடுக்க ஒருவர் வந்தார். கதாநாயகன் பதினொரு நாள் முதுகு காட்டினால் முகம் தெரியாதே, மூன்று நாளாகக் குறைக்கலாமா என்று என்னிடமே கேட்டார்.

நல்லதொன்று கிடைத்தால்கூட நாலே நாளில் இப்படி ஆக்கிவிடுகிறார்கள். அதனால்தான் பெரியவர் அவசரமாகத் தேவை. அவர் வாயால் நாலு வார்த்தை, ஒரு புகைப்படம், அசல் நோட்டீஸ். ஆசிரியர் தினமும் கேட்கிறார். விலாசம் அனுப்பினால் நானே வருகிறேன்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்.

பெரியவர் காலமாகிவிட்டார். போன வாரமாம். மகன் ஊரைவிட்டே போய்விட்டான், எந்த ஊருக்கு என்று தெரியவில்லை. நோட்டீசும் அவர் சாமான்களோடு போயிருக்கும். அவர் நிம்மதியாகத்தான் போனார் என்று சொன்னார்கள்.

கடையில் நிறைய வேலை. பரீட்சைக் காலம்.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

பெரியவர் போன செய்தி வந்த அன்று நான் சாப்பிடவில்லை. முகம் தெரியாத மனிதருக்காக அழுதது அதுதான் முதல் தடவை. 'அன்று' பத்தியில் அவருக்கு நாலு வரி எழுதினேன். பெயர் தெரியாததால் 'முன்வரிசையில் இருந்தவர்' என்று போட்டேன்.

போன வாரம் ஒரு கடிதம் வந்தது. நம் ஊர்த் தியேட்டரைக் கட்டியவரின் மகன் எழுதியிருக்கிறார். தியேட்டர் திறந்ததே நோட்டீஸ் தேதிக்கு ஒரு வருடம் கழித்துத்தானாம். அதுவரை அந்த இடம் கரிக் கிடங்காம். திறப்பு விழாப் புகைப்படமும் வைத்திருக்கிறார், தேதியோடு. மேடையில் பேசிய கட்சிக்காரர்கள் இப்போது எங்கள் பத்திரிகையைப் பொய்ப் பத்திரிகை என்கிறார்கள்.

ஆசிரியர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "நீயே எழுதினியா? சொல்லிடும்மா. ஒரு நல்ல செய்திக்கு ஆசைப்பட்டு எழுதியிருப்ப. எனக்குப் புரியும். ஆனா வெச்சுக்க முடியாது."

நான் எழுந்து கீழ் அறைக்கு வந்துவிட்டேன்.

உனக்கு என்னிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா?

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

இருக்கிறது.

பெரியவர் சாகவில்லை. சாவதற்கு அவர் பிறந்திருக்க வேண்டும்.

நோட்டீசை நான்தான் செய்தேன். கடையில் கிடந்த பழைய புத்தகங்களிலிருந்து எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டினேன். டீயை ஊற்றி மெஷின் மூடியில் காயவைத்தேன். பிறகு நகலுக்கு நகல், அதற்கு நகல். மூன்று முறை எடுத்தால் எந்தப் பொய்யும் பழசாகிவிடுகிறது. உன் கடிதம் ஒவ்வொன்றும் இழவுக் காகிதம் மாதிரி வந்தது. ஒரு தடவை சிரிக்க வைத்துவிட்டு, அடுத்த கடிதத்தில் 'ஏமாந்தாயா' என்று எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் நீ 'நிஜமாகவே நலம்' என்று எழுதினாய். அதற்குப் பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. மூன்று வாரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நீ விலாசம் கேட்டதும் பயந்து அவரைக் கொன்றேன்.

ஆனால் கேள், உன் தம்பி கோழை இல்லை. இன்று காலையே உன் ஆசிரியருக்கு மூன்று பக்கம் எழுதினேன். செய்தது நான், அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, தண்டனை எனக்கு. வெட்டி ஒட்டிய அந்த மூலத் தாளையும் உள்ளே வைத்து, தலை நிமிர்ந்து போய்ப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். தபால்காரரே எழுந்து நின்று வாங்கினார். உன் வேலை போகாது. ஸ்டூலில் நான் இருக்கிறேன், நீ அசையாதே.

தம்பி


ஏப்ரல் 15

அன்புள்ள வாலுவுக்கு,

அம்மா, அப்பா நலம்தானே? இருமல் ஒரு வாரமாக அதிகம். கீழ் அறைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள், மேலே ஒரு மூலையில் சும்மா உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இருமல் அங்கேயும் வருகிறது. எனவே தூசி காரணமில்லை.

திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். நோட்டீசில் ஞாயிறு என்று ஒட்டியிருந்தாய். அந்த வருஷம் பிப்ரவரி 20 புதன்கிழமை. நோட்டீஸ் வந்த அன்றே ஐம்பது வருடத்துக்கு முந்திய தொகுப்பை எடுத்துப் பார்த்தேன். அச்சுக்காரர் தப்பாகக் கோத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொகுப்பை மூடிவிட்டேன். வேறு யாருடைய நோட்டீஸாக இருந்தாலும் மூடியிருக்கமாட்டேன். ராஜா படத்தில் அந்த அப்பா பையனிடம் சொன்னாரே, அதைக் கேட்டு எனக்கு எழுந்து வந்துவிடலாம் போல் இருந்ததே. இப்போது அவர் பக்கத்து இருக்கையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இருந்தாலும் நீ ஆசிரியருக்கு எழுதியது பெரிய காரியம். எனக்கு எழுதியதை அவரிடம் காட்டினால், அக்கா தம்பியை எழுத வைத்தாள் என்பார். அந்த ஒட்டுத்தாள் நேராக அவர் கைக்கு வர வேண்டும். இன்னும் வந்து சேரவில்லை. அது வருகிறது என்று அவரிடம் சொல்லி, அவகாசம் கேட்டேன். "ஏமாந்தது வேற, ஏமாத்தினது வேற. முப்பதாம் தேதி வரைக்கும் பாக்கறேன். வந்துச்சுன்னா கண்டிச்சு வெச்சுக்கறேன்" என்றார்.

தினமும் தபால் வரும் நேரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறேன். எதற்கும் ரசீதை வைத்துத் தபால் நிலையத்தில் விசாரி. ஒருவேளை வேறு ஊருக்குப் போயிருக்கலாம்.

அக்கா


மே 2

அன்புள்ள வாலுவுக்கு,

நலமா?

முப்பதாம் தேதி மாலை ஐந்து மணி வரை நின்றேன். தபால்காரர், "இன்னிக்கும் இல்லீங்க" என்று என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். வரலாற்றில் எத்தனையோ கடிதங்கள் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. தண்டனையை ரத்து செய்த உத்தரவு, ஆள் போன மறுநாள் வந்திருக்கிறது. உன் கடிதமும் ஒரு நாள் வரும். இங்கே யாராவது பிரித்துப் படித்துவிட்டு, பாவம், நிஜமாகவே தெரியாதாம் என்பார்கள்.

ஒன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். அப்பாவிடம் நான் போனில் சொல்லிவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், மூச்சு விட்டார், அவ்வளவுதான். நீ கல்லூரிக்குத் தயாராகு. ஒருவருக்காவது நல்லது நடக்கட்டும்.

பதிவுத் தபால் ரசீது பத்திரமா?

அக்கா


மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. தபாலில் போடுவதில் என் திறமை உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கடை இழுப்பறையில் பேனாக்களுக்கு அடியில் வைக்கிறேன். ஸ்டூலில் உட்கார்ந்த முதல் நாளே உன் கைக்குக் கிடைக்கும்.

ரசீது இல்லை. மூன்று பக்கம் எழுதியது நிஜம், ஒட்டுத்தாளை உள்ளே வைத்தது நிஜம். தபால் நிலையப் படி வரைக்கும் போனதும் நிஜம். தபால்காரர் எழுந்து நிற்கவில்லை, அவர் என்னைப் பார்க்கவேயில்லை. கடையில் போலித் தாள் செய்தது வெளியே தெரிந்தால் அப்பா கடையைப் பூட்ட வேண்டியிருக்குமே என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். இரண்டு நாளாக இந்தக் காரணத்தைத்தான் தேய்த்துத் தேய்த்துப் பழசாக்கிக்கொண்டிருந்தேன். மூன்று முறை எடுத்தும் இது பழசாகவில்லை.

ஏப்ரல் பதினேழாம் தேதி கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. நான் விண்ணப்பம் போட்டதை உன்னிடம் சொல்லவில்லை. டிசம்பரிலேயே போட்டேன், கத்தரிக்காய் என்று உனக்கு எழுதுவதற்கும் முன்னால். பத்தொன்பதாம் தேதி உன் கடிதம் வந்தது. முப்பது வரைக்கும் பார்ப்பேன் என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருந்தாய். கவர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கடைக்குப் போகும்போதும் வரும்போதும் தபால் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். ஸ்டூலில் ஒருத்தர் உட்கார்ந்தாக வேண்டும், அது நீயாக இருந்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது.

ஒரு கணம் என்பது பொய். பதினொரு நாள். நீ அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற அத்தனை நாளும், நான் அந்தப் பெட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்பா நலம். அம்மா உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறாள்.

கடிதம் எங்கே என்று கேட்பாய். ஸ்டூலின் நொண்டிக் காலுக்கு அடியில் நாலாக மடித்து வைத்திருக்கிறேன். அட்டை நிற்கவில்லை, இது சரியாக நிற்கிறது. நீ உட்கார்ந்தால் ஆடாது.

தம்பி